ஏணியை மேலே இழுத்துக்கொண்ட வீடு

ஒரு கையெழுத்துப் போடுவதற்காக ஆக்லாந்திலிருந்து சுவிட்சர்லாந்து வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறேன். கல்யாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்து. கல்யாணம் என்னுடையது இல்லை. எனக்கு அது நடந்து இருபத்தாறு வருடமாகிறது, அதற்கு யார் சாட்சி நின்றார்கள் என்பதே மறந்துவிட்டது. இது ரஞ்சி அக்காவின் கல்யாணம்.

ரஞ்சி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். வயது ஐம்பத்தெட்டு. ஆக்லாந்தின் பாபகூராப் பகுதியில் தனி வீடு, வேறு ஊரில் வேலை பார்க்கும் ஒரு மகன். கணவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. நான் கோவில்பட்டிக்காரி, அதே நகரத்தில் பிளாட் புஷ்ஷில் குடியிருக்கிறேன். இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அக்கா வார்டில், நான் ஆபரேஷன் தியேட்டரில். பதினைந்து வருடமாக மதியச் சாப்பாட்டு டப்பாவைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். சாட்சிக்கு வேறு யாரைக் கூப்பிடுவார்?

மாப்பிள்ளையை அவர் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. கனடாவில் ஒரு உறவினரின் இறுதிச் சடங்கை உலகம் முழுக்கச் சொந்தபந்தங்கள் கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். திரையில் ஒருவருடைய கட்டத்திலிருந்து மட்டும் பாத்திரம் கழுவும் சத்தம் ஓயாமல் வந்திருக்கிறது. அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, உங்கட மைக்கை நிப்பாட்டுங்கோ, ஐயர் சொல்றது ஒண்டும் கேக்கேல்லை" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் அந்த அண்ணை மன்னிப்புக் கேட்கத் தொலைபேசியில் அழைத்து இரண்டு மணி நேரம் பேசினார். பெயர் அந்தோனி. மன்னார்க்காரர், இறந்தவரின் பழைய நண்பர். முப்பது வருடத்துக்கு மேலாக சுவிட்சர்லாந்தில் ஒரு மலைக்கிராமத்து முதியோர் இல்லத்தில் சமையல்காரர். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை.

"அண்ணன்னு கூப்பிட்டவரையா கட்டிக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அது மைக்குக்குச் சொன்னது" என்றார் அக்கா.

அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்று பாபகூராவுக்கு வந்துவிடுவது என்று ஏற்பாடு. விசாவுக்குக் கல்யாணச் சான்றிதழ் வேண்டும். ஆகவே பதிவு மட்டும் அவருடைய மலைக்கிராமத்தில், ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை. நேரத்தை அக்காவே தேர்ந்தெடுத்தார், பகல் இரண்டு மணி. பாபகூரா வீட்டுச் சமையலறையில் தொங்கும் கோயில் நாட்காட்டியில் புதன்கிழமை ராகுகாலம் பன்னிரண்டு இருபத்தொன்றிலிருந்து ஒன்று முப்பத்துமூன்று வரை. "இரண்டு மணியெண்டால் ராகு போய் அரை மணித்தியாலம். திறம்" என்றார்.

இந்த விஷயத்தில் அக்காவை யாரும் ஏமாற்ற முடியாது. ராகுகாலம் சூரியனைப் பொறுத்தது, ஊருக்கு ஊர் மாறும், யாழ்ப்பாணத்துக் கணக்கை ஆக்லாந்தில் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தாதீர்கள் என்று கோயில் வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பார். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஜோசியர் எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இன்ன நேரத்துக்குள் குழந்தையை வெளியே எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சும் அப்பாக்களைத் தியேட்டர் வாசலில் நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்டர் என்னைப் பார்ப்பார், நான் கூரையைப் பார்ப்பேன்.

"ராகுவுக்கு வேற வேலை இல்லையாக்கா? இவ்வளவு தூரமா வரும்?"

"நாங்கள் வந்தனாங்கள்தானே? எங்களோட வந்தது."

ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினோம். விமான நிலையத்தில் அந்தோனி அண்ணன் கையில் ஒரு பெரிய துணிப்பையோடு நின்றார். ஒல்லியான, நரைத்த மீசைக்காரர். இருவரும் இதற்கு முன் ஒரே ஒருமுறைதான் நேரில் சந்தித்திருக்கிறார்கள். ஒரு வருடமாக தினமும் தொலைபேசியில் பேசியவர்கள் கிட்டே வந்ததும் கைகுலுக்கிக்கொண்டார்கள். வங்கியில் மேனேஜரைப் பார்க்கப் போனவர்கள் போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு பெட்டியைத் தள்ளினேன்.

ரயிலைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலைக்குப் போகும் மஞ்சள் பஸ்ஸில்தான் வினை வந்தது. நிறுத்தத்துக்குப் பக்கத்து வயலில் கழுத்துமணியோடு ஒரு மாடு மேய்ந்தது. அக்கா அதைப் படமெடுக்கப் போனார். பஸ் வந்தது, நின்றது, சரியான நிமிடத்துக்குக் கிளம்பிப் போய்விட்டது. நான் கையை ஆட்டினேன். டிரைவரும் சிநேகமாகக் கையை ஆட்டினார்.

"ஒரு நிமிசம் பிந்தினால் இஞ்ச ஒரு மணித்தியாலம் பிந்தும்" என்றார் அந்தோனி அண்ணன், கொஞ்சமும் கோபமில்லாமல்.

எனக்கு அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. ஆக்லாந்து நிறுத்தத்தில் இன்னும் இரண்டு நிமிடம் என்று மின்பலகை பத்து நிமிடமாகச் சொல்லும், பிறகு பஸ்ஸின் பெயரே பலகையிலிருந்து காணாமல் போகும். அந்தப் பயிற்சி இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தோம். துணிப்பையிலிருந்து பாண் ரொட்டியும் வெங்காயம் வதக்கிய சீனிச் சம்பலும், பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் வந்தன. அக்கா ஒரு வாய் தின்றுவிட்டு, "வெங்காயம் இன்னும் கொஞ்சம் வதங்கியிருக்கலாம்" என்றார். "ஓம், அவசரத்தில இறக்கிப் போட்டன்" என்றார் அவர். கைகுலுக்கலில் இல்லாத நெருக்கம் அந்த வெங்காயத்தில் இருந்தது.

அடுத்த பஸ்ஸில் இரண்டு வயதான பெண்கள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். அந்தோனி அண்ணன் குரலைத் தாழ்த்தி மொழிபெயர்த்தார். ஒருத்தி கேட்டாளாம்: "சமையல்காரருக்கு வந்த பெண் இந்த இரண்டு பேரில் எது?" மற்றவள் சொன்னாளாம்: "சிரிக்காமல் வருகிறாளே, அவள்தான்."

கிராமத்தில் அறுபது வீடு இருந்தால் அதிகம். ஒரு தேவாலயம், ஒரு கடை, முதியோர் இல்லம். திங்கட்கிழமை பகலில் பால் வாங்கப் போனேன், கடை மூடியிருந்தது. மதியம் பன்னிரண்டானால் கடைக்காரர் சாப்பிடப் போய்விடுவார், ஒன்றரைக்குத்தான் திரும்புவார். ஆக்லாந்தில் எங்கள் தெருமுனை டெய்ரிக் கடையில் குஜராத்திக்காரர் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டே பால் எடுத்துத் தருவாரே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதும் நன்றாகத்தான் இருக்கிறது.

அன்று அந்தோனி அண்ணன் தன் வீட்டில் அந்த ஊர்ச் சாப்பாடு போட்டார். உருளைக்கிழங்கைத் துருவி வெண்ணெயில் தோசை கனத்துக்குத் தட்டி முறுக வறுத்தது. அதன்மேல் உருகிய சீஸ். முதல் வாய்க்கு அருமை. நான்காவது வாய்க்கு மிளகாய் தேடினேன். அக்கா கைப்பையிலிருந்து மிளகாய் இடித்த தன் கட்டைச் சம்பலை எடுத்து மேசையில் வைத்தார். மூன்று பேருமாகத் தட்டைத் துடைத்துவிட்டோம்.

அந்தச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒரு பழைய கல் கோபுரம் தெரியும். பதிவு அதற்குள்தான் நடக்கப்போகிறது. பஞ்சாயத்து ஆபீசில் இடமில்லாமல் இல்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் பழைய கட்டடம் ஒன்றில் கல்யாணப் பதிவு செய்வது வழக்கமாம்.

செவ்வாய்க்கிழமை காலையில் அதைப் பார்க்கப் போனோம். கோபுரம் என்று எழுதும்போதே கை தயங்குகிறது; நமக்குக் கோபுரம் என்றால் பொம்மைகளும் கலசமும் வேண்டும். இது கருங்கல்லால் கட்டிய, ஐந்து மாடி உயரத்துக்கு நிற்கும் ஒரு பெட்டி. எழுநூறு வருடத்துக்கு முந்தையது என்றார்கள். கோட்டையும் இல்லை, காவல் மேடையும் இல்லை. ஒரு குடும்பம் குடியிருந்த வீடு. கீழே தானியம், நடுவில் படுக்கை, உச்சியில் அடுப்பு. சுவரின் கனம் என் இரண்டு கையையும் விரித்த அகலம். ஜன்னலுக்குப் பதில், அம்பு விடும் அளவுக்குச் சின்னச் சின்னக் கீறல்கள்.

வாசலைத் தேடி ஒரு சுற்றுச் சுற்றினேன். தரையில் வாசல் இல்லை. இரண்டாள் உயரத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஏணி வைத்து ஏறுவார்களாம், எல்லாரும் ஏறியதும் ஏணியை உள்ளே இழுத்துக்கொள்வார்களாம். இப்போது வெளியில் மரப்படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஆக்லாந்து எரிமலைக் குன்றுகளில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரி முன்னோர் பகைவருக்குப் பயந்து படிப்படியாக வெட்டி, பள்ளம் தோண்டி, கழிவேலி கட்டிக் குடியிருந்த தடங்கள் இன்றைக்கும் புல்லுக்கடியில் தெரியும். என் மகளுடன் அங்கே ஏறும்போதெல்லாம், காற்று வாங்கிக்கொண்டு ஊரோடு சேர்ந்து பயந்திருக்கிறார்கள் என்று தோன்றும். இந்தக் கல்வீட்டில் ஒரு குடும்பம் தனியாகப் பயந்திருக்கிறது.

அந்தோனி அண்ணன் வேலைக்குப் போய்விட்டார். நாங்கள் இருவரும் படிக்கட்டின் கீழே உட்கார்ந்தோம். கதவு பூட்டியிருந்தது. அக்கா சுவரில் இருந்த கீறல்களை விரலால் எண்ணிக்கொண்டிருந்தவர், சட்டென்று பேச ஆரம்பித்தார்.

"என்ர முதல் கலியாணம் கொழும்பில எழுதினது. வெளிநாட்டுக்கு வெளிக்கிடுற அவசரம். பதிவுக் கந்தோரில தந்த நேரத்துக்குப் போய் எழுதிப்போட்டு வந்திட்டம். வீட்ட வந்து கலண்டரைப் பாத்தால் ராகுகாலம்."

"அதனால என்னக்கா? இருபத்திரண்டு வருஷம் நல்லாத்தான இருந்தீங்க?"

"அவர் நல்ல மனிசன். நான்தான் நல்லா இருக்கேல்லை. அவர் வேலையால வரப் பத்து நிமிசம் பிந்தினால் யன்னலடியில நிப்பன். இருமினால் பயம். காரில ஏறினால் பயம். மகன் வயித்தில இருக்கேக்க ஒவ்வொரு நாளும் பயம். இருபத்திரண்டு வருசம், மீனா. கடைசியில அவர் போனது நித்திரையில. நான் பயந்ததில ஒண்டும் நடக்கேல்லை. பயப்பிடாத ஒண்டு நடந்தது."

பதினைந்து வருடச் சாப்பாட்டு டப்பாப் பழக்கத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. நான் ராகுவைக் கிண்டலடித்த ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வந்து காது சுட்டது.

"இந்த முறை அந்தப் பயம் எனக்கு வேண்டாம் பிள்ளை. அவரோட நிம்மதியா இருக்கவேணும். அதுக்குத்தான் பாத்துப் பாத்து இரண்டு மணி எடுத்தனான்."

அன்று சாயங்காலம் சாப்பாடு முடிந்து நான் மட்டும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மணி எட்டே முக்கால். வெயில் இன்னும் மலைமேல் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆக்லாந்தில் ஜூன் மாதம் ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டி, நான் வேலை முடிந்து விளக்குப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவேன். இங்கே சூரியன் எப்போதுதான் போகும் என்று பார்க்கக் கைப்பேசியை எடுத்தேன். பிரதோஷம் பார்ப்பதற்காக ஒரு பஞ்சாங்கச் செயலி வைத்திருக்கிறேன். அது போகிற ஊருக்குத் தானாக மாறிக்கொள்ளும். சூரிய அஸ்தமனம் ஒன்பது இருபத்தைந்து என்று காட்டியது. விரல் தவறி மறுநாள் பக்கம் திறந்தது. புதன். ராகுகாலம் ஒன்று இருபத்தேழு முதல் மூன்று இருபத்தாறு வரை.

முதலில் செயலிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டேன். பகலை எட்டாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு துண்டை ராகுவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். புதனுக்கு ஐந்தாவது துண்டு. ஆக்லாந்தில் இப்போது குளிர்காலம். பகல் சின்னது, துண்டும் சின்னது. இங்கே கோடை; பகல் நீண்டு கிடக்கிறது, துண்டும் இரண்டு மணி நேரத்துக்கு நீண்டு, பின்னாலும் தள்ளிப் போயிருக்கிறது. ஊருக்கு ஊர் மாறும் என்று உலகத்துக்கே வகுப்பெடுத்த அக்கா, பாபகூராச் சமையலறைச் சுவரில் பார்த்த நேரத்தை அப்படியே மலைக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு மணி நல்ல நேரம் இல்லை. ராகுகாலத்துக்கு உள்ளேயே வருகிறது.

கைப்பேசியை மூடி வைத்தேன். சொல்லாமல் விட்டால் என்ன? ஊர்க் கணக்குப்படி புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை என்று குழந்தைக்கும் தெரியும். அதன்படி இரண்டு மணியில் குற்றமே இல்லை. நம்பிக்கையில்லாத எனக்கு எந்த நேரமும் ஒன்றுதான். ஆனால் காலையில் கேட்டது காதிலேயே இருந்தது. சொன்னால் ஒன்று கல்யாணம் நிற்கும், அல்லது கல்யாணம் நடந்து அக்கா மறுபடியும் ஜன்னலடியில் நிற்பார். சொல்லாவிட்டால், பின்னால் ஒரு நாள் அவரே கணக்குப் போட்டுப் பார்க்கும்போது, எனக்குத் தெரிந்திருந்தது என்பதும் தெரியவரும். உள்ளே அக்கா நாளைக்கு உடுத்தும் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டே ஏதோ பாட்டு முனகிக்கொண்டிருந்தார். நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை அக்கா குளிக்கப் போனதும் அந்தோனி அண்ணனிடம் சொன்னேன். அவர் முட்டைக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டுக் கை துடைத்தார்.

"தங்கச்சி, நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன். எனக்கு ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை. ஆனா அவவுக்கு இருக்கு. மறைச்சுப்போட்டுக் கட்டேலாது."

பதிவாளருக்குத் தொலைபேசி போட்டார். அவருக்குக் காலையில் இன்னொரு ஊரில் பதிவு, மூன்று மணிக்கு மற்றொரு ஊரில் பதிவு, இரண்டிலிருந்து இரண்டே முக்கால் வரைதான் நமக்கு. இல்லாவிட்டால் அடுத்த மாதம். எங்களுக்கோ திங்கட்கிழமை விமானம்.

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். நான் கைப்பேசியை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவர் உதடு அசைந்தது, எட்டால் வகுத்துப் பார்க்கிறார் என்று புரிந்தது.

"நீ எப்ப பாத்தனீ?"

"நேத்து சாயங்காலம்க்கா."

"இவ்வளவு நேரமும் வைச்சுக்கொண்டே இருந்தனீ?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா. மன்னிச்சுக்கோங்க."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நாட்காட்டியைக் குறை சொல்லியிருக்கலாம். "பிழை என்னில. நான்தான் சூரியனை மாத்திப் பாக்கேல்லை" என்று மட்டும் சொன்னார். அந்தோனி அண்ணன் முட்டையைத் தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தார்.

"ரஞ்சி, நீங்கள் மாட்டன் எண்டாலும் எனக்குக் கோவமில்லை. அடுத்த வருசம் நான் விசிட்டர் விசாவில வாறன். அங்க வைச்சு எழுதுவம். உங்கட கலண்டர்ப்படி."

சொல்லிவிட்டுத் திரும்பி அடுப்பைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். அக்கா முட்டையைச் சாப்பிட்டு முடித்தார். ஒன்றரைக்கு, முந்தின நாள் இஸ்திரி போட்ட நீலப் பட்டுச் சேலையை உடுத்திக்கொண்டு வந்து நின்றார். அது கல்யாணத்துக்குச் சம்மதமா, நேரில் போய் வேண்டாம் என்று சொல்வதற்கான மரியாதையா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை.

கோபுரத்தடியில் இன்னொரு சாட்சி காத்திருந்தார். முதியோர் இல்லத்தில் அண்ணனோடு வேலை செய்யும் போர்த்துகீசியப் பெண், கையில் ரோஜாக் கொத்து. தேவாலயத்தில் இரண்டு மணி அடித்தது. மேலே கதவு திறந்திருந்தது. அக்கா படிக்கட்டின் முன்னால் போய் நின்றார். கைப்பிடியில் கை வைத்தார். ஏறவில்லை.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பதிவாளரே இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும், நல்ல கவுனுக்குக் கீழே மலையேறும் பூட்ஸ். மணப்பெண் மேலே பார்த்தபடி நிற்பதைக் கண்டு, உயரத்தைப் பார்த்துத் தயங்குகிறார் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அவசரப்படுத்தாமல், எல்லா ஜோடிகளுக்கும் மேலே சொல்லும் கதையை இங்கேயே சொல்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

எதிர்ப் பள்ளத்தாக்குக்காரர்களுக்குப் பயந்து கட்டிய வீடு இது. சுவர் கட்டவே ஆறு கோடை பிடித்ததாம். உள்ளே போய்விட்டால் ஒரு மாதம் வெளியே வராமல் இருக்கலாம். அவ்வளவு தானியம், அவ்வளவு விறகு. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஆடுமாடுகளைக் கட்டிவிட்டு, குழந்தைகளை எண்ணி ஏற்றிவிட்டு, கடைசி ஆள் ஏறியதும் ஏணியை இழுப்பார்கள்.

"எத்தனை தடவை வந்து தாக்கினார்கள்?" என்று கேட்டார் அக்கா. காலையில் என்னைக் கேட்டதற்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி.

"ஒரு தடவையும் இல்லை" என்றார் பதிவாளர். "எங்கள் ஊர்ப் பழைய ஏடுகளில் மாட்டுத் திருட்டு இருக்கிறது, வேலித் தகராறு இருக்கிறது. கோபுரத்தைத் தாக்கியதாக ஒரு வார்த்தை கிடையாது. யாருமே வரவில்லை. ஐந்து தலைமுறை ஏணியை இழுத்துப் பார்த்துவிட்டு, அலுத்துப்போய், அதோ அந்த வீட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்."

கோபுரத்தை ஒட்டினாற்போல் ஒரு மரவீடு. அதற்குத் தரையிலேயே வாசல் இருந்தது. வாசலில் யாரோ சிறுபிள்ளையின் சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

அக்கா அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருத்தரும் வரேல்லை" என்று தமிழில் தனக்குள் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார். "ஐஞ்சு தலைமுறைப் பொம்பிளையள் பிள்ளையையும் தண்ணியையும் இதில காவிக்கொண்டு ஏறியிருக்கிறாளவை, பாத்தியே?"

"ஆமாக்கா."

"இப்ப மணி என்ன?"

"ரெண்டு இருபது."

"ராகுகாலம்தானே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாக்கா. கிட்டத்தட்ட நடுவுல."

"சரி" என்றார். கொசுவத்தைச் சற்றே தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஏறத் தொடங்கினார். பின்னால் அந்தோனி அண்ணன். அவர் மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது.

மேலே அறை குளிர்ந்து கிடந்தது. நடுவில் ஒரு மேசை, ஆறு நாற்காலி, சுவர்க் கீறல் வழியாக ஒரு விரற்கடை வெயில். பதிவாளர் சட்டம் சொல்லும் கேள்வியைக் கேட்டார். அண்ணன் அந்த ஊர் மொழியில் பதில் சொன்னார். அக்காவும் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டு, போதாதது போல அண்ணனைப் பார்த்து, "ஓம்" என்று இன்னொரு முறை சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். இருபத்தைந்து வருடம் தியேட்டரில் டாக்டர் கையில் கத்தரி எடுத்துக் கொடுத்த கை, அன்றைக்கு என் பெயரைக் கோணலாக எழுதியது.

இறங்கும்போது அக்கா முன்னால், நான் அவர் பின்னால், எங்களுக்குப் பின்னால் அந்தோனி அண்ணன். பாதிப் படியில் சரேலென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். அண்ணனின் கால் வழுக்கி, ஒரு படி சறுக்கி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பாதி உட்கார்ந்த நிலையில் நின்றார். போர்த்துகீசியப் பெண் கொடுத்த ரோஜாக்கொத்து அவர் கையிலிருந்து கீழே போய் விழுந்தது. அடிபட்டதா என்று அவரைப் பார்க்கவில்லை நான். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். எல்லாம் போச்சு, இனி ஆயுசுக்கும் ஜன்னலடிதான் என்று நினைத்தேன்.

அக்காவின் முகம் வெளுத்துத்தான் போயிற்று. ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். என்னைத் தாண்டி இரண்டு படி மேலே ஏறி, குனிந்து அவர் காலணியைப் பார்த்தார்.

"சப்பாத்து புதுசு" என்றார். "அடி வழுக்குது. வீட்ட போய் மாத்துவம், வாங்கோ."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான் கைப்பிடியை விடுவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.